கை தொடச்சிட்டு வர்றேன்

அவரை எதற்குக் கூப்பிட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “இருங்க, கை தொடச்சிட்டு வர்றேன்.” சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே. வாசலில் தபால்காரர் நின்றாலும் அதே. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கோயிலுக்குக் கிளம்பி நிற்கிறவரைக் கூப்பிட்டாலும் அதேதான் சொல்வார். சொல்லிவிட்டு இடுப்பில் செருகியிருக்கும் துணியை எடுத்து, இல்லாத அழுக்கை விரல் விரலாகத் துடைத்துவிட்டு, பிறகுதான் வருவார். அந்த நேரத்துக்குள் தபால்காரர் அடுத்த சந்துக்குப் போயிருப்பார்.

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், அவர் வீட்டின் பின்கட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. நான் கல்யாணம் ஆகாத குமாஸ்தா. அவர் டாக்சி ஓட்டினார். சொந்த வண்டி, கறுப்பு அம்பாசிடர், கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது. ஸ்டாண்டில் மற்ற வண்டிகளோடு நிற்கும்போது இது மட்டும் அன்றைக்குத்தான் பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கும். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார். அவர் மனைவியை அண்ணி என்பேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

துணி விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. அண்ணியின் பழைய நூல் புடவைகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் துவைத்து, மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருப்பார். கண்ணாடி துடைக்கிறது வேறு, ஸ்பானர் துடைக்கிறது வேறு, கை துடைக்கிறது வேறு. அதை எடுத்து இதற்குப் போட்டால் முகம் சுருங்கிவிடும். மில்லில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை பஞ்சு வேஸ்ட் ஒரு மூட்டையே கொண்டுவந்து கொடுத்தார். பட்டறைகளில் எல்லாம் அதில்தான் துடைப்பார்கள். இவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இழை உடும்ணே. ஒரு நூலு உள்ள போச்சின்னா போதும். பேரிங்குக்கு அது நூலு இல்ல, பாம்பு.”

வண்டியைப் பட்டறையில் விடமாட்டார் என்பதற்கும் காரணம் இதுதான். கிளட்ச் போனாலும் சரி, என்ஜினின் தலையைக் கழற்ற வேண்டியிருந்தாலும் சரி, வீட்டுப் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகையில்தான் வேலை நடக்கும். “எவன் கையால தொடறானோ” என்பார். பட்டறைக்காரன் ஒரே நாளில் முடிக்கிற வேலையை இவர் வாரக்கணக்கில் இழுப்பார். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் போட்டு எடுத்து, துடைத்து, கழற்றிய வரிசையிலேயே சாக்கின் மேல் வைத்து, தூசி விழாமல் மேலே ஒரு துணியும் போர்த்துவார். போல்ட்டுகளுக்குத் தூக்கம் வரும் என்று நான் கேலி செய்வேன். அண்ணிதான் சிரிப்பாள். அவர் துடைத்துக்கொண்டிருப்பார்.

கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இலையில் தண்ணீர் தெளித்து எல்லோரும் ஒரு தடவு தடவி விட்டுவிட, இவர் நரம்பு நரம்பாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சாம்பார் வாளி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. தன் இலை முடிந்ததும் என் இலையையும் தன் பக்கம் இழுத்தார். இன்னொரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பேச்சை நிறுத்தவும் இல்லை. துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி என் மூக்கில் மாட்டிவிட்டார். கோபப்படலாமா என்று யோசிப்பதற்குள் உலகம் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு வயதான மதாம் இருந்தார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம்தான், பிரெஞ்சும் தமிழும் கலந்து பேசுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் போவார், இவர் வண்டியில் மட்டும்தான் ஏறுவார். கதவைத் திறந்து, ஸீட்டைத் துடைத்து, கைப்பிடியைத் துடைத்து, பிறகுதான் இவர் தலையை ஆட்டுவார். மதாம் “மெர்சி” என்று சொல்லிவிட்டு ஏறுவார். அந்த மதாம்தான் முதலில் சொன்னது.

“உன் வண்டி அழுவுதே, கேக்கலையா உனக்கு?”

கேட்டிருந்தது. கொஞ்ச நாளாகவே பின்னாலிருந்து ஒரு ஊளை. வேகம் கூடினால் ஊளையும் கூடும். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் அளவில் ஒரு இரும்புக் கூடு இருக்கும். என்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குத் திருப்பி அனுப்புகிற பற்சக்கரங்கள் அதற்குள் இருக்கின்றன. டிஃபரென்ஷியல் என்று பெயர். அதில் கிரவுன் என்பது சாப்பாட்டுத் தட்டு அளவு, பினியன் கைக்கு அடங்குகிற அளவு. இரண்டிலும் பல் தேய்ந்துவிட்டது என்று அவர் முடிவு செய்தார். சென்னைக்குப் போய்ப் புது ஜோடி வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு, ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டைகளின் மேல் உட்கார வைத்து, பின் சக்கரங்களைக் கழற்றினார். அச்சுகளை உருவி, கூட்டை அப்படியே வெளியே எடுத்துப் பலகை மேல் வைத்தார். அதற்கு மேல் துடைக்கிற வேலை.

பின்னாளில் அவரைப் பார்த்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போய்ச் சில வருஷம் கழித்து, ஒரு வேலையாகப் புதுச்சேரிக்கு வந்தபோது ஸ்டாண்டில் அந்த அம்பாசிடரைப் பார்த்தேன். முதலில் வண்டியை அடையாளம் தெரியவில்லை. பானெட் மேல் தூசி, அதில் எந்தப் பிள்ளையோ விரலால் வரைந்த பூ. பின் ஸீட்டில் யாரோ சாப்பிட்ட வேர்க்கடலைத் தோல். அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். இடுப்பில் துணி இல்லை. “சௌக்கியமா சார்?” என்றார். சௌக்கியம் என்றேன். பழைய மதாமைப் பற்றிக் கேட்டேன். “இப்ப வேற வண்டில போறாங்க” என்றார், மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல. என் கண்ணாடி அழுக்காகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கை நீட்டவில்லை. எனக்குத்தான் என்னவோபோல் ஆகி, நானே கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

இனி அந்தக் குங்குமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிரவுனும் பினியனும் சரியான இடத்தில் கடிக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கிரவுனின் பற்களில் நிறம் தடவிச் சுற்றிப் பார்ப்பார்கள். கடிக்கிற இடத்தில் நிறம் அழிந்துவிடும். பல்லின் நடுவில் அழிந்தால் சரி. ஓரத்தில் அழிந்தால் மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி சுற்ற வேண்டும். விட்டால் வண்டி மறுபடி ஊளையிடும். பட்டறையில் இதற்கென்று ஒரு பசை வைத்திருப்பார்கள். திறந்தே கிடக்கிற டப்பாவில் மணல் விழுந்திருக்கும் என்பது இவர் கட்சி. முன்பொரு தடவை இதே கூட்டைத் திறந்தபோது பசைக்கு என்ன செய்வது என்று இவர் யோசித்துக்கொண்டு நிற்க, அண்ணி உள்ளே போய்த் தன் குங்குமச் சிமிழை எடுத்துவந்தாளாம்.

“இது ஆவாதா? நெத்தில வெக்கறதுல மணலா இருக்கும்?”

விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவினார்கள். அருமையாக வந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் அதுதான் வழக்கம். அண்ணி குழைத்துக் கொடுப்பாள், அவர் தடவுவார். அவர் பினியனைச் சுற்றும்போது கிரவுன் சும்மா ஓடாமல் கொஞ்சம் இறுக்கம் வேண்டும். அதற்கு அண்ணி துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் அதைப் பிடிப்பாள். பார்த்து முடித்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒவ்வொரு பல்லிலும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் அவர் மூடுவார்.

அன்றைக்கு விடுமுறை. நான் பின்னால் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கொட்டகையில் புது ஜோடியைப் பொருத்தியாகிவிட்டது, நிறம் தடவிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. “சிமிழ எடுத்தா” என்று அவர் குரல் கொடுத்தது கேட்டது. “செத்த படுத்துட்டு வர்றேன், நெஞ்சு ஒரு மாதிரி இருக்குது” என்றாள் அண்ணி. அடுப்பு நேரத்தில் அவள் படுத்து நான் பார்த்ததில்லை. சிறிது நேரம் கழித்து உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“இன்னாங்க. இங்க வாங்களேன்.”

“இரு, கை தொடச்சிட்டு வர்றேன்.”

மறுபடியும் கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது. அவர் மறுபடியும் அதையே சொன்னார். மண்ணெண்ணெயில் கையை அலசி, மரத்தூளில் தேய்த்து, சோப்புப் போட்டு, துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கொடியில் துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டே நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லா நாளும் பார்க்கிறதுதான். மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை. அவர் உள்ளே போனார். “சார்!” என்று கத்தினார்.

அண்ணி அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் முழுக்க வேர்வை. குங்குமச் சிமிழ் பக்கத்தில் இருந்தது. கொட்டகையில் டாக்சி சக்கரமில்லாமல் கட்டைமேல் நின்றது. அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சந்திலிருந்து ஓடி, விழுப்புரம் சாலையில் ஒரு ரிக்‌ஷாவை மறித்துக் கூட்டிவந்தேன். நானும் ரிக்‌ஷாக்காரரும்தான் அண்ணியைத் தூக்கி உட்கார வைத்தோம். அவர் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி நின்றார். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் இருந்தது. அண்ணியை நான் தாங்கிக்கொள்ள, அவர் ரிக்‌ஷாவுக்குப் பக்கத்தில் ஓடிவந்தார். வழியில் அண்ணி ஒரு முறை கையை வெளியே நீட்டினாள். அதை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் போய்விட்டது என்றார்கள்.

அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. ஈரக் கையோடு ஓடிவந்தோமே, கொடியில் துணி காய்ந்திருக்குமா என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. மனசு மரத்துப்போனால் இப்படித்தான் கண்டதையும் நினைக்கும் போலிருக்கிறது.

எடுக்கிற நேரத்தில் அண்ணியைக் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டி, பூ வைத்தார்கள். கூட்டத்தில் வயதான ஒருத்தி, “கட்டுன கையால ஒரு பொட்டு வெச்சி அனுப்புய்யா. மவராசி, பொட்டோட போறா” என்று சிமிழை நீட்டினாள். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கை அழுக்கா இருக்குது” என்றார்.

அண்ணியின் தங்கை ஊரிலிருந்து வந்திருந்தாள். அவள்தான் சிமிழைப் பிடுங்கிப் பொட்டு வைத்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது யாரோ பின்னால் சொன்னார்கள்: “டாக்சிக்காரன் பொண்டாட்டி ரிக்‌ஷாவுல போனா பாரு.” மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவர்களுக்கு. அது அவர் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். போதும் அண்ணே என்று நான்தான் வாளியை எடுத்து வைத்தேன்.

காரியம் முடிகிறவரை அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை. வண்டிக்காக வாங்கியிருந்த கடனைப் பற்றியும் பேசவில்லை, ஸ்டாண்டிலிருந்து வந்து விசாரித்தவர்களோடும் பேசவில்லை. கேட்டால் ஆமாம், இல்லை. காரியத்தன்று பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணியின் தங்கை பையில் துணிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“மாமா, அக்கா குங்குமச் சிமிழ நான் எடுத்துனு போறேன். சுமங்கலியாப் போனவ குங்குமம், எங்க வீட்ல இருக்கட்டும்.”

“கொஞ்சம் இரும்மா. வேல பாக்கி இருக்குது” என்றார். சாமி மாடத்திலிருந்து சிமிழை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். என்ன வேலை என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதனால் நானும் பின்னால் போனேன்.

பலகை மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். டப்பா மூடி ஒன்றில் குங்குமத்தைக் கொட்டி விளக்கெண்ணெய் விட்டு விரலால் குழைத்தார். அப்போதுதான் தங்கை வந்து பார்த்தாள்.

“அய்யோ, இன்னா மாமா பண்றீங்க! அக்கா நெத்தில வெக்கக் கை வரல, இரும்புல வெக்க வருதா? நீங்கல்லாம் மனுசனா?”

அவர் நிமிரவில்லை. ஒவ்வொரு பல்லாகத் தடவினார். அவசரம் இல்லை, விரலை எடுத்து எடுத்து வைத்தார். தங்கை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவளிடம், இது இந்த வீட்டு வழக்கம், உங்கள் அக்காதான் ஆரம்பித்தது என்று சொன்னேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. நம்பினாலும் என்ன ஆகப் போகிறது?

“சார், புடிங்க” என்றார்.

பிஸ்கட் டின்னிலிருந்து ஒரு துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டு கிரவுனைப் பிடித்தேன். ஊதா நிறத்தில் சின்னக் கட்டம் போட்ட புடவைத் துண்டு. அண்ணி அதைக் கட்டி நான் பார்த்திருக்கிறேன். அவர் பினியனைச் சுற்றினார். இரும்பு என் கைக்குள் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தார். எல்லாப் பல்லிலும் சுற்றிலும் சிவப்பு, நடுவில் மட்டும் ஒரு சின்ன நீள்வட்டமாக அழிந்து இரும்பு தெரிந்தது.

“சரியா வந்துருக்குது” என்றார்.

தங்கையிடம் சிமிழைக் கொடுத்தார். அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, புதுத் துணி ஒன்றை எடுத்து நீட்டினேன். துடைத்தால்தானே மூடலாம்.

“வேணாம் சார்.”

“பல்லுல்லாம் அப்படியே இருக்கே அண்ணே.”

“இருக்கட்டும்.”

ஒரு நூலைப் பாம்பு என்றவர், அத்தனை குங்குமத்தோடும் கூட்டைத் தூக்கி அச்சுக்குள் வைத்து நட்டுகளை முறுக்கினார். அச்சுகளைச் சொருகினார். எண்ணெய் ஊற்றினார். சக்கரம் மாட்டிக் கட்டைகளை எடுத்தோம். கை இரண்டும் சிவப்பும் கறுப்புமாக இருந்தது. கழுவப் போவார் என்று கிணற்றுக் கயிற்றில் கை வைத்தேன். அவர் நேரே போய் வண்டியில் உட்கார்ந்தார். வெள்ளைத் துணி சுற்றிய ஸ்டியரிங் அது. அந்தக் கையோடேயே பிடித்தார்.

“ஏறுங்க சார். சத்தம் வருதான்னு பாக்கணும்.”

முன் ஸீட்டில் ஏறப் போனேன். பின்னால் உட்காரச் சொன்னார். சாயங்கால வெயில். சந்திலிருந்து மெதுவாக விழுப்புரம் சாலைக்கு வந்து, நகரத்துப் பக்கம் திரும்பினார். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. பள்ளம் வந்தால் பிள்ளைத்தாச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி இறக்கி ஏற்றினார். ஊளை இல்லை. பின்னாலிருந்து ஒரு சின்ன முனகல்கூட இல்லை. வண்டி ஓடுகிறதா என்றே தெரியாமல் ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். காவலாளி ஓடிவந்து பின் கதவைத் திறந்தான்.

“பேஷண்டா? நடக்க முடியுமா?”

அவர் திரும்பிப் பின் ஸீட்டைப் பார்த்தார். நான் உட்கார்ந்திருந்ததற்குப் பக்கத்து இடத்தை.

“இல்லப்பா” என்றார்.

காவலாளி கதவைச் சாத்திவிட்டுப் போனான். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். வெள்ளைத் துணியில் விரல் பதிந்த இடமெல்லாம் சிவந்திருந்தது. வண்டியை அணைக்காமல், வந்த வழியைக் கண்ணாடியில் பார்த்தபடி சொன்னார்.

“இவ்ளோ தூரம்தான் சார்.”